மைக்குக்கும் கிட்டாருக்கும் நடுவே: மேடைக் கருவிகளின் மின்பாதுகாப்புச் சோதனை, ஓர் அறிமுகம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, காசிமேடு என வட சென்னை முழுவதும் அம்மன் கோவில்களின் முன்னால் மேடை போடப்படும். கூழ் வார்த்து முடிந்த அன்றிரவே மெல்லிசைக் கச்சேரியோ கானாக் கச்சேரியோ தொடங்கிவிடும். கீபோர்டு, ரிதம் பேட், கிட்டார், அதற்கான ஆம்ப் ஆகியவற்றை இசைக்குழுவினர் கொண்டுவருகிறார்கள். மைக், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் மைக்செட்காரருடையவை. மின்சாரமோ இவ்விருவரின் கையிலும் இல்லை. அது பக்கத்து வீட்டுப் பிளக் பாயிண்டிலிருந்தோ, விழாக் குழுவினர் வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்தோ, வாடகை ஜெனரேட்டரிலிருந்தோ வருகிறது. மூன்று தரப்பினரின் பொருள்கள் ஒரே மேடையில் ஒயர்களால் பிணைக்கப்படும்போது, நடுவில் நிற்கும் பாடகரின் உடலும் அந்தப் பிணைப்பில் ஓர் அங்கமாகிவிடக்கூடும். அவ்வாறு ஆகாமல் காப்பதற்காகக் கருவிகளையும் அவற்றுக்கு மின்சாரம் வரும் வழியையும் முன்கூட்டியே சரிபார்ப்பதைத்தான் மின்பாதுகாப்புச் சோதனை என்கிறோம். அதில் எதைப் பார்க்கிறோம், ஏன் பார்க்கிறோம் என்பதை மின்னியல் படிக்காத இசைக் கலைஞர்களுக்கும் புரியும்படி இங்கே விளக்குகிறேன்.

முதலில், ஷாக் எப்படி அடிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அது ஃபேஸ் ஒயரில் வந்து நியூட்ரல் ஒயரில் திரும்புகிறது. தெருவோர டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், தரையில் நிற்கும் ஒருவர் ஃபேஸைத் தொட்டால், நியூட்ரலைத் தொடாவிட்டாலும், மின்னோட்டம் அவர் உடல் வழியாக நிலத்தில் இறங்கித் தன் வழியை நிறைவு செய்துகொள்கிறது. வியர்வையில் நனைந்த கைகளை உடைய மனிதரின் உடல் ஏறத்தாழ 1000 ஓம் தடையைத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகக்கூடும்; 30 மில்லி ஆம்பியரைக் கடந்தால் மூச்சு தடைபடலாம்; அதற்கும் மேலே, ஒரு விநாடி நீடித்தாலே இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும் அபாயம் உண்டு. ஒரு சிறிய எல்இடி விளக்கு எரிவதற்குத் தேவையான மின்னோட்டமே ஓர் உயிரைப் பறிக்கப் போதும் என்பதை மேடையேறும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வீட்டில் மிக்சி பயன்படுத்துபவருக்கு இல்லாத ஓர் ஆபத்து மேடைக் கலைஞருக்கு இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள், இரைச்சலைக் குறைப்பதற்காக, கேபிளின் வெளி உறை வழியாக ஆம்பின் உலோக உடலோடு வேண்டுமென்றே இணைக்கப்பட்டிருக்கும். மைக்கின் உலோகக் கூடும் அதேபோல மிக்சரின் உடலோடு இணைந்திருக்கும். ஆகவே, கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவரின் விரல்கள் உண்மையில் ஆம்பைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவருடைய உதடுகள் மிக்சரைத் தொடுகின்றன. ஆம்பும் மிக்சரும் ஒரே நல்ல எர்த்தில், அதாவது உலோக உடலை நிலத்தோடு இணைக்கும் பாதுகாப்பு ஒயரில், இருந்தால் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்காது. அவர் நாள் முழுவதும் பாடலாம். இரண்டில் ஒன்றின் எர்த் அறுந்து, அதன் உடலில் ஃபேஸ் கசிந்திருந்தால், மின்னோட்டம் கையிலிருந்து வாய்க்கு மார்பின் வழியாகவே பாயும். மைக்கும் கிட்டாரும் தனித்தனியே பார்த்தால் குறையில்லாதவையாகத் தோன்றினாலும், சேர்த்துப் பிடிக்கும்போது ஷாக் அடிப்பதன் காரணம் இதுதான்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், மேடையிலேயே, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் மைக் ஸ்டாண்டைக் கிட்டாரால் தொட்டபோது தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தார். அவர் அணிந்திருந்த ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணிகளே அவரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. நம் அம்மன் கோவில் மேடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளித்த தரையிலிருந்து நேராக மேலேறி வெறுங்காலோடு நிற்கிறோம் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பக்தியின் காரணமாகக் கடைப்பிடிக்கும் அந்த வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் முனையமாட்டேன். ஆனால் வெறுங்காலோடு நிற்கிற மேடைக்கு மற்ற எந்த மேடையைக் காட்டிலும் கறாரான சோதனை வேண்டும்.

பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டு பணியிட மின்சார விதிகள், மின்கருவிகளை ஆபத்து விளையாதபடி பராமரிக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் பல அரங்குகள், சோதனை முடித்த அடையாளச் சீட்டு ஒட்டப்படாத ஆம்பை உள்ளே விடுவதில்லை. நம் ஊரில் அப்படிக் கேட்பாரில்லை. கேட்பாரில்லாத இடத்தில் கலைஞர்கள் தாங்களே செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எதைச் சோதிப்பது?

கருவிகளை இரண்டு வகையாகப் பிரித்தால் வேலை எளிதாகும். உலோக உடலும் மூன்று பின் பிளக்கும் கொண்ட ஆம்ப், பவர் மிக்சர், பவர் ஆம்ப்ளிஃபையர் போன்றவை முதல் வகை. இவற்றின் பாதுகாப்பு முழுவதும் எர்த் ஒயரை நம்பியிருக்கிறது. உள்ளே ஃபேஸ் ஒயர் கழன்று உலோக உடலில் பட்டால், எர்த் ஒயர் அந்த மின்னோட்டத்தை உடனே இழுத்துச் சென்று, ஃபியூஸையோ டிரிப்பரையோ விழச் செய்ய வேண்டும். கீபோர்டின் அடாப்டர் போன்ற இரண்டு பின் கருவிகள் இரண்டாம் வகை; இவற்றில் எர்த்துக்குப் பதிலாக இரட்டைக் காப்பு இருக்கும், சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி அதைக் காட்டும். எர்த் பின் இருக்க வேண்டிய கருவியில் அது இல்லாமலிருப்பதுதான் குற்றம். இரண்டு பின் என்பதாலேயே ஒரு பொருள் ஆபத்தானதாகிவிடாது. அடாப்டரைப் பொறுத்தவரை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு எண் அச்சிடப்படாத மலிவுப் பொருளைத் தவிர்ப்பதே சிறந்த சோதனை.

இரண்டு பின் அடாப்டரில் இயங்கும் கீபோர்டின் உலோகப் பகுதியைத் தடவும்போது சுருக்கென்று ஓர் உணர்வு வருவதைப் பலர் அறிவார்கள். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிக நுண்ணிய மின்னோட்டமே அதற்குக் காரணம். மல்டிமீட்டரில் அளந்தால் நூறு வோல்ட் அளவுக்குக்கூடக் காட்டும், ஆனால் நல்ல அடாப்டரில் மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கீபோர்டை எர்த் உள்ள மிக்சரோடு கேபிளால் இணைத்ததும் அந்தச் சுருக்கு மறைந்துவிடும். மறையாமல் வலுத்தால், அது வேறு கோளாறு. உடனே அந்தக் கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

கண்ணும் கையும்

கோளாறுகளில் பெரும்பாலானவை மீட்டர் இல்லாமலேயே பிடிபடும். பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் ஒயர் நீளமான, தடித்த எர்த் பின்னில் இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறதா, பிளக்கின் வாயில் உள்ள பிடிப்பு ஒயரின் மேலுறையைப் பிடித்திருக்கிறதா, அல்லது உள் ஒயர்களை மட்டும் பிடித்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மேலுறை நழுவியிருந்தால் யாராவது ஒருவர் காலில் ஒயர் சிக்கி இழுபடும்போது உள்ளே ஒயர்கள் கழலும். எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விட்டுத் திருகுவது நல்ல எலக்ட்ரீஷியனின் பழக்கம். ஒயர் இழுபட்டால் எர்த் கடைசியாகக் கழல வேண்டும் என்பதே அதன் கருத்து.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் கருவிகளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் செம்புக் கம்பி களிம்பேறிப் பச்சை படர்ந்து போகும், திருகு துருப்பிடிக்கும். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே எர்த் பட்டை பொடியாக உதிரும் நிலையில் இருக்கலாம். இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எங்கிருந்தாலும் அதை வெட்டி எறிந்துவிட்டு முழு ஒயர் போட வேண்டும். பிளக்கோ சாக்கெட்டோ பழுப்பேறிக் கருகியிருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள்.

மீட்டர் சொல்வது

அடுத்தது எர்த் தொடர்ச்சி. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை ஆம்பின் உடலில் பெயிண்ட் இல்லாத ஒரு திருகிலும் வைக்க வேண்டும். பெயிண்ட் மேல் வைத்தால் நல்ல ஆம்பும் தோற்றதாகக் காட்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்து வரும் அளவை முதலில் குறித்துக்கொண்டு, அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பின்பற்றப்படும் அளவு 0.1 ஓம், அதோடு ஒயரின் சொந்தத் தடை. சாதாரண மல்டிமீட்டர் இவ்வளவு நுணுக்கமாக அளக்காது என்றாலும், அரை ஓமுக்கு மேல் போனாலோ, ஒயரை வளைத்து ஆட்டும்போது எண் துள்ளினாலோ ஏதோ தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பிறகு கிட்டாரை ஆம்பில் செருகி, தந்தியிலிருந்து ஆம்பின் எர்த் பின் வரை அளந்தால் கலைஞரின் விரல் எதோடு இணைந்திருக்கிறது என்பதே எண்ணாகத் தெரிந்துவிடும். மைக்கின் வலைக்கூட்டிலிருந்து மிக்சரின் எர்த் பின் வரையும் இதேபோல் அளக்கலாம்.

மல்டிமீட்டருக்கு ஓர் எல்லை உண்டு. அது மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தியே அளக்கிறது. இருபது இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும். உண்மையான கோளாறு வரும்போது அந்த ஓர் இழை எரிந்துபோய்விடும். இதற்கென்றே உள்ள சோதனைக் கருவிகள் அதிக மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்ப்பது இதனால்தான். அதனால், கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு மீட்டரை மட்டும் நம்பக் கூடாது.

காப்புச் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. மெகர் என்னும் கருவியால், இணைத்துப் பிடித்த ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்சாரத்தைக் கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். முதல் வகைக் கருவிக்குக் குறைந்தது 1 மெகா ஓம், இரண்டாம் வகைக்கு 2 மெகா ஓம் இருக்க வேண்டும். உள்ளே சர்ஜ் தடுப்பான் (மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் பாகம்) உள்ள பாக்ஸுகளும் சில மின்னணுக் கருவிகளும் 500 வோல்ட்டில் தவறாகத் தோற்கும் என்பதால் அவற்றை 250 வோல்ட்டில் சோதிப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் புகுந்த வீட்டில் இருந்த ஆம்பையோ பவர் மிக்சரையோ, வெயிலில் காயவைத்து ஓடுகிறது என்று கண்டதும் மேடைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. கொடுங்கையூர், வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் டிசம்பருக்குப் பின் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

மேடைக்கு வரும் மின்சாரம்

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது செருகப்படும் சாக்கெட்டில் எர்த் இல்லையென்றால் இதுவரை செய்த அனைத்தும் வீண். என் கருத்தில், தெருக் கச்சேரிகளில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான். நியான் விளக்கு வைத்த சாதாரண டெஸ்டர் ஃபேஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மல்டிமீட்டரை மாறுமின்சார வோல்ட் அளவையில் வைத்து மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 110 என்று ஏதோ ஓர் எண் அலைந்துகொண்டிருந்தால் எர்த் எங்கோ அறுந்து தொங்குகிறது.

இதில் ஒரு மறைவான பொறி உண்டு. பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் ஒயரே இழுக்காமல், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருப்பார்கள். மீட்டருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் அந்த வீட்டின் நியூட்ரல் எங்காவது அறுந்தால், அங்கே செருகிய ஒவ்வொரு கருவியின் உலோக உடலுக்கும் முழு 230 வோல்ட்டும் வந்துவிடும். இரண்டு பெரிய ஹேலஜன் விளக்குகள் போன்ற சுமையைப் போட்டுவிட்டு, அதே பாக்ஸில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். நேர்மையான எர்த் என்றால் ஒன்றிரண்டு வோல்ட் ஏறும். சுமை இருந்தும் அசையாமல் பூஜ்யமே காட்டினால் அந்தச் சாக்கெட்டைச் சந்தேகித்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பை எரியவிட்டுப் பார்க்கும் பழக்கமும் உண்டு. எர்த் அறுந்திருந்தால் அந்த நேரத்தில் பல்பு வழியாக எல்லாக் கருவிகளின் உடலுக்கும் மின்சாரம் ஏறிவிடும் என்பதால், அனைத்தையும் கழற்றிவிட்டு, விவரம் தெரிந்தவரே அதைச் செய்ய வேண்டும்.

எர்த் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சாலையோரத்தில் அவசரமாக அடித்த எர்த் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் உடலில் ஃபேஸ் பட்டால் நிலத்தில் இறங்குவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி (டிரிப்பர்) அதைச் சாதாரணச் சுமையாகவே கருதும், விழாது. ஆம்பின் உடலிலோ ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் நின்றுகொண்டிருக்கும். இங்கே காப்பாற்றக்கூடியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மட்டுமே. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் எங்கோ வழிதவறிப் போனால் 0.3 விநாடிக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு போனால் 0.04 விநாடிக்குள்ளும் இணைப்பைத் துண்டிக்கிறது. ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளில் பிடித்துவிட்டால் அது உதவாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் அழுத்திப் பார்க்க வேண்டும்; அது ஆர்சிசிபி இயங்குகிறது என்பதை மட்டும் காட்டும், எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. ஓர் இசைக்குழு தன் பணத்தில் ஒரே ஒரு பாதுகாப்புப் பொருள்தான் வாங்க முடியும் என்றால், ஆர்சிசிபி பொருத்திய ஒரு ஜங்ஷன் பாக்ஸைத் தயங்காமல் வாங்க வேண்டும்.

அந்தப் பாக்ஸிலிருந்தே இசைக்குழுவின் ஆம்புகளும் மைக்செட்காரரின் மிக்சரும் மின்சாரம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அதைவிட முக்கியம். மிக்சருக்கு வலப்பக்கத்து வீடு, கிட்டார் ஆம்புக்கு இடப்பக்கத்து வீடு என்று பிரித்தால், இரண்டு எர்த்துகளும் வெவ்வேறு. தெருவில் ஓடும் மூன்று ஃபேஸ்களில் இரு வீடுகளுக்கும் வருபவை வேறாக இருந்தால் அவற்றுக்கிடையே 400 வோல்ட் அளவுக்கு வேறுபாடு இருக்கும். சுமை தாங்காது என்று விளக்குகளைப் பிரித்து வேறிடத்தில் போடுவதில் தவறில்லை. கலைஞர் தொடக்கூடிய கருவிகள் அனைத்தும் ஒரே எர்த்தில் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் என்றால் அதன் உடலுக்கு எர்த் கம்பி அடித்திருப்பதோடு, அதன் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஜெனரேட்டர்காரரிடம் கேட்க வேண்டும். இணைக்கப்படாவிட்டால் கசியும் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி இல்லாததால் ஆர்சிசிபி விழாமலேயே இருந்துவிடும். முதல் கோளாறு வெளியே தெரியாது, இரண்டாவது கோளாறு வரும்போது ஆபத்து முழுமையாக வெளிப்படும்.

இனி, மேடைகளில் நான் மிகவும் அஞ்சுகிற பழக்கத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று இரைச்சல் வந்தால், ஆம்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கட்டையில் செருகுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆம்புக்கு எர்த், சிக்னல் கேபிளின் உறை, மிக்சர் வழியாகத்தான் கிடைக்கிறது. கேபிளை உருவிய நொடியிலிருந்து அதற்கு எர்த்தே கிடையாது. இரைச்சலுக்குக் காரணம் இரண்டு கருவிகளும் இரண்டு வழிகளில் எர்த்தோடு இணைந்து ஒரு வளையம் உண்டாவது. அந்த வளையத்தைச் சிக்னல் கேபிளில்தான் வெட்ட வேண்டும். கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே சிக்னல் கேபிளில் இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் சிக்னல் கேபிளின் உறையை மட்டும் துண்டிக்கிறது, பாதுகாப்பு எர்த்தைத் தொடுவதில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே பாக்ஸிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். எர்த்தை வெட்டச் சொல்லும் யாருடைய யோசனையையும், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், ஏற்க வேண்டாம்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை இவற்றைச் செய்வது? பிளக், ஒயர், சாக்கெட் அளவுகள், ஆர்சிசிபி பொத்தான் ஆகியவற்றை ஒவ்வொரு கச்சேரியிலும், கருவிகளைச் செருகுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எர்த் தொடர்ச்சியைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும், ஆடிக்கு முன் ஒருமுறையும் அளக்கலாம். மெகர் சோதனை ஆண்டுக்கு ஒருமுறையும், கருவி கீழே விழுந்தாலோ நனைந்தாலோ பழுதுபார்த்து வந்தாலோ உடனேயும் தேவை. ஒவ்வொரு கருவிக்கும் ஒயருக்கும் பெயிண்டால் ஓர் எண் எழுதி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு அளவைக் குறித்து வந்தால், 0.2 ஓமாக இருந்தது அடுத்த முறை 0.6 ஆனதை வைத்தே, முழுவதும் அறுபடுவதற்கு முன் அந்த ஒயரை மாற்றிவிட முடியும். சோதனையில் தோற்ற ஒயரை வேனின் மூலையில் போட்டு வைக்காமல், அன்றே அதன் பிளக்கை வெட்டி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கச்சேரி தொடங்கும் அவசரத்தில் யாரேனும் ஒருவர் அதையே எடுத்துச் செருகிவிடுவார்.